விழித்திருப்பவர் வேலையில் இருப்பவரே

திருவழிபாட்டு ஆண்டின் கடைசி வாரங்களில் நம் கோவில்களில் வாசிக்கப்படும் இறைவார்த்தைகள் பலருக்கும் அச்சம் தருகின்றன. கதிரவன் இருளடைவது, எருசலேம் கோவில் தரைமட்டமாவது, எதிர்பாராத நேரத்தில் திருடன் வருவது ஆகிய செய்திகளை அந்நாள்களில் மாறி மாறிக் கேட்கிறோம். அதன்பின் கிறிஸ்து அரசர் பெருவிழா. அடுத்த ஞாயிறு திருவருகைக்காலம் தொடங்குகிறது. கிறிஸ்து பிறப்பு விழா நெருங்கிவிட்டது என்ற மகிழ்ச்சியோடு கோவிலுக்குச் செல்கிறோம். ஆனால் அந்த முதல் ஞாயிறன்று வாசிக்கப்படும் நற்செய்தி பெத்லகேமைப் பற்றியது அல்ல. முதல் ஆண்டில் மத்தேயு (24:37-44), இரண்டாம் ஆண்டில் மாற்கு (13:33-37), மூன்றாம் ஆண்டில் லூக்கா (21:25-28,34-36) என மூன்று ஆண்டுகளிலும் அது மானிட மகனின் இரண்டாம் வருகையைப் பற்றியது. மூன்றுமே நம்மை விழிப்பாயிருக்கச் சொல்கின்றன.

விழிப்பாயிருப்பது என்றால் என்ன? இந்தக் கேள்விக்கு நம்மிடையே இரண்டு தவறான விடைகள் உலவுகின்றன. ஒரு சாரார் போர், நிலநடுக்கம், கொள்ளைநோய் என ஒவ்வொரு செய்தியையும் திருவெளிப்பாட்டு நூலோடு பொருத்திப் பார்க்கிறார்கள். நாள் கணக்கிடுகிறார்கள். கைப்பேசியில் வரும் எச்சரிக்கைகளைப் பத்துப் பேருக்கு அனுப்பிவிட்டு இரவெல்லாம் கலங்குகிறார்கள். மறு சாரார், "இரண்டாயிரம் ஆண்டுகளாக இதைத்தான் சொல்கிறார்கள், ஒன்றும் நடக்கவில்லையே" என்று சொல்லி நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். முதலாமவரை அச்சம் ஆட்டிப்படைக்கிறது. இரண்டாமவரை அலட்சியம் தூங்க வைத்திருக்கிறது. ஆண்டவர் நம்மிடம் எதிர்பார்க்கும் விழிப்பு இவ்விரண்டிலும் இல்லை. அது எங்கே இருக்கிறது என்பதை அறிய, இதே சிக்கலில் மாட்டிக்கொண்ட ஒரு தொடக்ககாலக் கிறிஸ்தவச் சமூகத்தைப் பார்ப்போம்.

தெசலோனிக்காவில் நடந்தது என்ன?

தெசலோனிக்கா, மாசிதோனியா என்ற உரோமை மாநிலத்தின் தலைநகர், துறைமுகப் பட்டணம், கிழக்கையும் மேற்கையும் இணைத்த எக்னாத்தியா பெருஞ்சாலையில் அமைந்த வணிக நகர். இன்று கிரேக்க நாட்டின் இரண்டாவது பெரிய நகரமாக அது விளங்குகிறது. பிலிப்பியில் அடிபட்டுச் சிறையிலிருந்து வந்த தூய பவுல், சீலாவோடு இந்நகருக்கு வந்தார். மூன்று ஓய்வுநாள்கள் தொழுகைக்கூடத்தில் விவாதித்தார். சிலர் நம்பினர். எதிர்ப்பும் எழுந்தது. யாசோன் என்பவரின் வீடு தாக்கப்பட்டது. சகோதரர்கள் பவுலை இரவோடு இரவாகப் பெரேயாவுக்கு அனுப்பிவைத்தனர் (திப 17:1-10).

புதிதாக நம்பிக்கை கொண்ட அந்த மக்கள், போதிய மறைக்கல்வி பெறும் முன்பே தங்கள் மேய்ப்பரைப் பிரிய நேர்ந்தது. பவுலின் மனம் அவர்களைப் பற்றியே கவலைப்பட்டுக் கொண்டிருந்தது. ஏதென்சிலிருந்து திமொத்தேயுவை அனுப்பி விசாரித்தார். திமொத்தேயு கொண்டுவந்த செய்திக்குப் பதிலாக, ஏறத்தாழ கி.பி. 50 அல்லது 51-இல், கொரிந்து நகரிலிருந்து ஒரு கடிதம் எழுதினார். புதிய ஏற்பாட்டு நூல்களுள் முதலில் எழுதப்பட்டது இந்த முதலாம் தெசலோனிக்கர் கடிதமே என்று விவிலிய அறிஞர்களுள் பெரும்பாலோர் கருதுகின்றனர். ஆக, நம் கைக்குக் கிடைத்திருக்கும் கிறிஸ்தவ எழுத்துகளுள் மிகப் பழையது, ஆண்டவரின் வருகையைப் பற்றிக் கலங்கிய மக்களுக்கு எழுதப்பட்ட ஓர் ஆறுதல் மடல்!

அவர்களுடைய கலக்கம் என்ன? ஆண்டவர் விரைவில் வருவார் என்று அவர்கள் உறுதியாக நம்பினர். ஆனால் இடையில் அவர்களுள் சிலர் இறந்துபோயினர். இறந்தவர்கள் அந்த மாபெரும் நாளை இழந்துவிட்டார்களா என்று உறவினர் அழுதனர். பவுல் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. இயேசு இறந்து உயிர்த்தெழுந்தார் என்பதே நம் நம்பிக்கையின் அடித்தளம் என்று நினைவூட்டுகிறார். கிறிஸ்துவோடு இணைந்து இறந்தோரை யாரும் முந்திச் செல்லமாட்டார்கள் என்று தேற்றுகிறார் (1 தெச 4:13-18). அதே மூச்சில், காலங்களையும் நேரங்களையும் பற்றி அவர்களுக்கு எழுதத் தேவையில்லை என்றும், பகலின் மக்களாய் நிதானத்தோடு வாழவேண்டும் என்றும் கூறுகிறார் (1 தெச 5:1-8). அதற்குச் சில வரிகள் முன்னர் அவர் சொல்லும் அறிவுரையை நாம் அடிக்கடி கவனிக்கத் தவறுகிறோம். அமைதியாக வாழுங்கள், உங்கள் வேலையைப் பாருங்கள், உங்கள் கைகளால் உழையுங்கள் என்பதே அதன் கருத்து (1 தெச 4:11).

ஆயினும் சிக்கல் தீரவில்லை. இரண்டாம் கடிதத்தைப் படித்தால் நிலைமை மோசமானது தெரிகிறது. ஆண்டவருடைய நாள் வந்தேவிட்டது என்று சிலர் பரப்பினர். பவுல் எழுதியதாகச் சொல்லப்பட்ட ஒரு கடிதத்தையும் அவர்கள் சான்றாகக் காட்டியிருக்கலாம் (2 தெச 2:1-3). போலிச் செய்தியைப் பெரியவர் ஒருவரின் பெயரில் பரப்பும் பழக்கம் கைப்பேசியோடு பிறந்ததல்ல! அந்தச் சமூகத்தில் சிலர் வேலை செய்யாமல் சோம்பித் திரிந்தனர். பிறர் காரியங்களில் தலையிட்டுக் குழப்பம் விளைவித்தனர். மற்றவர் உழைப்பில் உண்டனர். முடிவு நெருங்கிவிட்டதென்ற பரபரப்புக்கும் இந்தச் சோம்பலுக்கும் தொடர்பு உண்டு என்பது விளக்கவுரையாளர் பலரின் கருத்து. உழைக்க மனமில்லாதவர் உணவை எதிர்பார்க்கக் கூடாது என்று கடிதம் கண்டிப்போடு கூறுகிறது (2 தெச 3:6-12). கூடாரம் செய்யும் தொழிலாளியான பவுல், தாம் இரவும் பகலும் பாடுபட்டதை அதற்கு முன்மாதிரியாகக் காட்டுகிறார்.

திருச்சபை இந்தப் பகுதியை எப்போது வாசிக்கத் தருகிறது என்று பாருங்கள். மூன்றாம் ஆண்டில், பொதுக்காலத்தின் 33-ஆம் ஞாயிறன்று, எருசலேம் கோவிலின் அழிவைப் பற்றிய நற்செய்திக்கு (லூக் 21:5-19) முன்னதாக இரண்டாம் வாசகமாக இது வருகிறது. உலக முடிவின் அடையாளங்களைக் கேட்கும் அதே திருப்பலியில், "உன் வேலையைப் பார்" என்ற அறிவுரையையும் கேட்கிறோம். இதைவிடத் தெளிவாக ஒரு தாய் தன் பிள்ளைகளுக்குச் சொல்ல முடியாது.

நாள் குறித்தவர்களும் திருச்சபையின் குரலும்

தெசலோனிக்காவில் நடந்தது வரலாற்றில் மீண்டும் மீண்டும் நடந்திருக்கிறது. 1844 அக்டோபர் 22 அன்று கிறிஸ்து வருவார் என்று அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற போதகரைப் பின்பற்றியோர் நம்பினர். அறுவடை செய்யாமல் வயல்களை அப்படியே விட்டுவிட்டோரும் அவர்களுள் இருந்தனர். 1992 அக்டோபர் 28 அன்று விண்ணுக்கு எடுத்துக்கொள்ளப்படுவோம் என்று தென்கொரியாவில் ஒரு குழுவினர் காத்திருந்தனர். வேலையை விட்டவர்களும் சொத்தை விற்றவர்களும் அவர்களிடையே உண்டு. அக்குழுவின் தலைவர் பின்னர் மோசடிக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டார். 2011 மே 21 என்று ஒரு வானொலிப் போதகர் நாள் குறித்தார். 2012 டிசம்பர் 21 என்று மாயன் நாள்காட்டியைக் காட்டிச் சொன்னவர்கள் பலர். எல்லா நாள்களும் விடிந்தன, கடந்தன. இழந்த வேலையும் விற்ற வீடும் மட்டும் திரும்பி வரவில்லை.

கத்தோலிக்கராகிய நாமும் இதற்கு விதிவிலக்கல்ல. அயர்லாந்து நாட்டுப் புனிதர் மலாக்கியின் பெயரால் வழங்கும் ஒரு பட்டியல் நம்மிடையே அவ்வப்போது சுற்றுக்கு வருகிறது. திருத்தந்தையரைக் குறிக்கும் 112 குறிப்புகள் அதில் உள்ளன. கடைசிக் குறிப்போடு உரோமை நகர் அழியும் என்கிறது. மலாக்கி இறந்தது 1148-இல். பட்டியல் முதன்முதலில் அச்சானதோ 1595-இல். ஏறத்தாழ 1590 வரையுள்ள திருத்தந்தையருக்கு அதன் குறிப்புகள் நன்றாகப் பொருந்துகின்றன. அதற்குப் பின் வந்தவர்களுக்கு இழுத்துப் பொருத்த வேண்டியிருக்கிறது. எனவே அது அக்காலத்தில் புனையப்பட்டது என்பது வரலாற்று ஆய்வாளரின் பொதுவான முடிவு. அந்தக் கணக்கின்படி திருத்தந்தை பிரான்சிஸே கடைசியானவர் என்று சிலர் சொல்லி வந்தனர். அவர் 2025 ஏப்ரல் 21 அன்று இறைவனடி சேர்ந்தார். மே 8 அன்று திருத்தந்தை பதினான்காம் லியோ தேர்ந்தெடுக்கப்பட்டார். பட்டியல் முடிந்தது. திருச்சபை தன் பணியைத் தொடர்கிறது.

இந்தக் காரியத்தில் திருச்சபையின் போதனை இன்று நேற்று வந்ததல்ல. 1516-ஆம் ஆண்டு ஐந்தாம் இலாத்தரன் பொதுச்சங்கம், தீமைகள் வரும் காலத்தையோ எதிர்க்கிறிஸ்து வரும் நாளையோ பொதுத்தீர்ப்பின் நாளையோ குறித்துப் போதிக்கக் கூடாது என்று மறையுரையாளர்களுக்குக் கட்டளையிட்டது. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும், கிறிஸ்துவின் வருகை எந்நேரமும் நிகழலாம் என்றும், அதன் காலத்தை அறிவது நமக்குரியதல்ல என்றும் கற்பிக்கிறது (எண் 673). அந்த நாளையும் வேளையையும் தந்தை ஒருவரே அறிவார் என்று இயேசுவே சொல்லியிருக்க (மாற் 13:32), நமக்கு மட்டும் தெரியும் என்று ஒருவர் சொன்னால், அது எத்தனை விவிலிய வசனங்களோடு வந்தாலும் நற்செய்தி ஆகாது.

"எப்போது?" என்ற கேள்விக்கு இயேசு தந்த பதில்

மத்தேயு நற்செய்தியின் 24, 25 ஆகிய இரு அதிகாரங்களையும் ஒரே மூச்சில் படித்துப் பாருங்கள். ஒலிவ மலையில் சீடர்கள் கேட்கும் கேள்வி, "எப்போது? அடையாளம் என்ன?" என்பதாகும். இயேசு ஏமாற்றுவோரைக் குறித்து எச்சரிக்கிறார். வரவிருக்கும் துன்பங்களைக் கூறுகிறார். ஆனால் நாளைச் சொல்லவில்லை. மாறாக, ஒன்றன்பின் ஒன்றாக நான்கு காட்சிகளைக் காட்டுகிறார்.

முதலாவது, வீட்டாருக்கு வேளாவேளைக்கு உணவு அளிக்கும் பொறுப்பைப் பெற்ற பணியாளர் (24:45-51). தலைவர் வரும்போது அவர் வாசலில் நின்று சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பதாக இயேசு சொல்லவில்லை. அவர் அடுக்களையிலும் பந்தியிலும் தம் வேலையைச் செய்துகொண்டிருக்கிறார். அப்படிச் செய்துகொண்டிருக்கும்போது தலைவர் வந்தால், அதுவே அவருடைய பேறு. பொல்லாத பணியாளரோ, தலைவர் வரக் காலம் தாழ்க்கும் என்று எண்ணி உடன் பணியாளரை அடிக்கத் தொடங்குகிறார். தலைவரை மறந்தவரின் கை முதலில் விழுவது தமக்குக் கீழுள்ளவர்மேல்தான்.

இரண்டாவது, பத்துத் தோழியர் உவமை (25:1-13). இதில் ஒரு நுட்பமான செய்தி இருக்கிறது. மணமகன் வரத் தாமதித்தபோது பத்துப் பேருமே தூங்கிவிட்டார்கள். முன்மதி உடையோரும் தூங்கினார்கள்! ஆகவே கண்களை மூடாமல் இருப்பதல்ல விழிப்பு. எண்ணெய் இருந்ததா இல்லையா என்பதே கேள்வி. அந்த எண்ணெய் எது? அன்புதான் அந்த எண்ணெய் என்று புனித அகுஸ்தீனார் விளக்கம் தருகிறார். புனித யோவான் கிறிசோஸ்தோம் அதை ஏழைகளுக்குக் காட்டும் இரக்கமாகக் காண்கிறார். அப்படியானால் எண்ணெய் விற்பவர்கள் யார்? ஏழைகளே என்கிறார் அவர். அவர்கள் நம் தெருவில் இருக்கும்போதே வாங்கிக்கொள்ள வேண்டும். நள்ளிரவில் கடை தேடி ஓடினால் பயனில்லை. முன்மதி உடையோர் எண்ணெய் தர மறுத்தது தன்னலம் போலத் தோன்றலாம். ஆனால் ஒருவர் வாழ்ந்த அன்பை மற்றொருவர் கடனாகப் பெறமுடியாது. தாத்தா செய்த தர்மமும், அம்மா சொன்ன செபமாலையும் நமக்கு ஆசீர் தரும். எனினும் நாம் ஏற்றவேண்டிய விளக்குக்கு நம் எண்ணெய்தான் வேண்டும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உலகை மூன்று நாள் இருள் சூழும், அப்போது மந்திரித்த மெழுகுதிரி மட்டுமே எரியும் என்ற பேச்சு நம் குடும்பங்களில் பல முறை எழுந்திருக்கிறது. திருச்சபை அப்படிப் போதிப்பதில்லை. மந்திரித்த மெழுகுதிரி நல்லது. பிப்ரவரி 2 அன்று அதை ஏந்தி நாம் கிறிஸ்துவை ஒளியாக ஏற்கிறோம். ஆனால் பெட்டியில் பத்திரமாகப் பூட்டிவைத்த மெழுகுதிரி, அண்டை வீட்டாரோடு பேசாத ஒரு நெஞ்சத்தின் இருளைப் போக்காது.

மூன்றாவது, தாலந்து உவமை (25:14-30). அச்சத்தால் தாலந்தைப் புதைத்தவர் கடிந்துகொள்ளப்படுகிறார். அச்சம் நம்மைச் செயலற்றவராக்கும் என்பதற்கு இதுவே சான்று. நான்காவது, மக்களினத்தார் அனைவருக்கும் அளிக்கப்படும் தீர்ப்பு (25:31-46). அந்நாளில் அரசர் யாரிடமும் அடையாளங்களைச் சரியாகக் கணித்தாயா என்று கேட்கவில்லை. பசித்தவர், தாகமுற்றவர், அன்னியர், ஆடையற்றவர், நோயுற்றவர், சிறையில் இருந்தவர் ஆகியோரைப் பற்றியே கேட்கிறார். "எப்போது வருவீர்?" என்று தொடங்கிய உரையாடல், "நான் வந்தேனே, கண்டுகொண்டாயா?" என்ற கேள்வியில் வந்து நிற்கிறது.

நான்கு காவல் வேளைகள்

மாற்கு நற்செய்தி இதே உண்மையை வேறொரு வகையில் கூறுகிறது. வீட்டுத் தலைவர் மாலையிலோ, நள்ளிரவிலோ, சேவல் கூவும் வேளையிலோ, காலையிலோ வரலாம் என்கிறார் இயேசு (மாற் 13:35). உரோமையர் இரவை நான்கு காவல் வேளைகளாகப் பிரித்திருந்தனர். இந்த நான்கும் அடுத்துவரும் பாடுகளின் வரலாற்றோடு ஒத்துப்போவதை விவிலிய அறிஞர் சிலர் சுட்டிக்காட்டுகின்றனர். மாலையில் இயேசு பன்னிருவரோடு பந்தியில் அமர்கிறார். யூதாசு காட்டிக்கொடுக்கத் துணிந்திருக்கிறார். இரவு கெத்சமனியில் சீடர் மூவரும் உறங்குகிறார்கள். சேவல் கூவும் வேளையில் பேதுரு மறுதலிக்கிறார். பொழுது விடிந்ததும் தலைமைக் குருக்கள் இயேசுவைப் பிலாத்துவிடம் கையளிக்கிறார்கள்.

உலக முடிவைப் பற்றிக் கேட்ட அதே சீடர்கள், இரண்டு நாள் கழித்துத் தங்கள் கண்முன் வந்த வேளையைத் தவறவிட்டார்கள். வானத்தில் அடையாளம் தேடியவர்களுக்கு, தோட்டத்தில் வியர்வை சிந்தி மன்றாடியவரோடு ஒரு மணி நேரம் விழித்திருக்க முடியவில்லை. விழிப்பு என்பது கடைசி நாளுக்கு மட்டும் உரியதல்ல. இன்றிரவுக்கும் உரியது.

திடீர்ச் சாவும் நம் ஆயத்தமும்

ஆண்டவரின் வருகை உலக முடிவில் மட்டுமா? ஒவ்வொருவருக்கும் சாவின் வேளையில் தனித்தீர்ப்பு உண்டு என்று திருச்சபை கற்பிக்கிறது (மறைக்கல்வி 1022). உலகம் இன்னும் பல்லாயிரம் ஆண்டுகள் இருக்கலாம். நமக்கு அவ்வளவு காலம் இல்லை. எனவேதான் "அருள்நிறைந்த மரியே" செபத்தில் இன்றைய பொழுதுக்காகவும் இறப்பின் வேளைக்காகவும் அன்னையின் வேண்டுதலைக் கேட்கிறோம். நாம் உறுதியாக அறிந்த இரண்டு வேளைகள் அவைதாம். ஒருநாள் அவை இரண்டும் ஒரே வேளையாகிவிடும்.

2004 டிசம்பர் 26-ஐ நம் கடற்கரை மக்கள் மறக்க முடியுமா? அது கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள். திருக்குடும்ப விழா ஞாயிறு. வேளாங்கண்ணியில் திருப்பயணிகள் பலர் அலைகளுக்கு இரையாயினர். நாகப்பட்டினம் முதல் குமரி வரை எத்தனையோ மீனவக் குடும்பங்கள் சிதைந்தன. கடலுக்கு அப்பால் ஈழத்துக் கரையிலும் அதே துயரம். அப்போது இது கடவுளின் தண்டனை என்றும், இறுதிக்காலம் தொடங்கிவிட்டது என்றும் பேசியவர்கள் இருந்தார்கள். அழுதுகொண்டிருந்தவர்களின் புண்ணில் அது மேலும் ஒரு குத்து.

இயேசு அப்படிப் பேசவில்லை. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்ததைச் சுட்டிக்காட்டி, அவர்கள் எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லாரையும்விடப் பெரிய குற்றவாளிகள் அல்லர் என்று தெளிவாகக் கூறினார். கூடவே, கேட்டுக்கொண்டிருந்தவர்களை மனம் மாற அழைத்தார் (லூக் 13:1-5). பேரிடர் இறந்தவர்களைப் பற்றிய தீர்ப்பு அல்ல. உயிரோடிருக்கும் நமக்கு அது ஓர் அழைப்பு. அந்த நாள்களில் விழிப்போடு இருந்தவர்கள் யார்? நாள் கணக்கிட்டவர்களா? கோவில்களையும் பள்ளிக்கூடங்களையும் திறந்துவிட்டு, யார் எந்தச் சமயம் என்று பாராமல் உணவளித்தவர்களும், உடல்களைச் சுமந்து அடக்கம் செய்தவர்களும் அல்லவா? அவர்களுடைய விளக்கில் எண்ணெய் இருந்தது.

குருவை எப்போது அழைப்பது?

ஆயத்தத்தைப் பற்றிப் பேசும்போது நம் பங்குகளில் அடிக்கடி காணும் ஒரு குறையையும் எண்ணிப் பார்ப்போம். வீட்டில் ஒருவர் கடுமையாக நோயுற்றால், குருவை அழைக்கத் தயங்குகிறோம். "சாமியாரைக் கண்டால் அப்பா பயந்துவிடுவார்" என்கிறோம். கடைசி மூச்சு இழுக்கும்போது, நினைவு முற்றிலும் தவறியபின் ஆள் அனுப்புகிறோம். சில வேளை குரு வந்து சேருமுன் எல்லாம் முடிந்துவிடுகிறது. அருளடையாளங்கள் உயிரோடிருப்பவர்களுக்கு உரியவை. இறந்துவிட்டார் என்பது உறுதியானபின் நோயில்பூசுதல் அளிக்கப்படுவதில்லை. அவருக்காக மன்றாடத்தான் முடியும்.

இந்தத் தயக்கத்துக்கு "அவஸ்தைப்பூசுதல்" என்ற பழைய பெயரும் ஒரு காரணம். ஆனால் இரண்டாம் வத்திக்கான் சங்கம், இது சாகும் தறுவாயில் இருப்போருக்கு மட்டுமே உரியதல்ல என்று தெளிவுபடுத்தியது. நோயாலோ முதுமையாலோ ஒருவருடைய உயிருக்கு ஆபத்து தொடங்கும்போதே அதைப் பெறுவதற்கு ஏற்ற காலம் வந்துவிட்டது (திருவழிபாடு பற்றிய கொள்கைத் திரட்டு 73). நலமடைந்தவர் மீண்டும் கடுமையாக நோயுற்றாலும், அதே நோய் முற்றினாலும் மறுபடியும் பெறலாம். நோயாளி தெளிவோடு இருக்கும்போது ஒப்புரவு அருளடையாளம் பெற்று, பூசுதல் பெற்று, நற்கருணையை வழியுணவாக உண்பது எத்தனை பெரிய கொடை! மன்னிப்புக் கேட்க வேண்டியவரிடம் கேட்கவும், பிள்ளைகளை ஆசீர்வதிக்கவும், சொல்ல வேண்டிய கடன் கணக்குகளைச் சொல்லவும் அப்போது அவருக்கு நேரம் இருக்கிறது. அந்த நேரத்தை அன்பின் பெயரால் அவரிடமிருந்து பறித்துவிடலாகாது.

நாளும் விழித்திருக்க

மாற்கு கூறும் நான்கு வேளைகளையே நம் அன்றாட விழிப்புக்கான ஒழுங்காக ஏற்றுக்கொள்ளலாம்.

மாலை: குடும்பமாகச் செபிப்போம். படுக்கப் போகுமுன் ஐந்து நிமிடம் ஆன்ம சோதனை செய்வோம். பொழுது சாயுமுன் சினம் தணியவேண்டும் என்று தூய பவுல் கூறுவதை (எபே 4:26) கணவன் மனைவியரும் அண்ணன் தம்பியரும் கைக்கொண்டால், பல வீடுகளின் பாகப்பிரிவினைச் சண்டை அடுத்த தலைமுறைக்குப் போகாது.

நள்ளிரவு: துன்புறுவோரோடு விழித்திருப்போம். மருத்துவமனையில் ஒரு நோயாளிக்குத் துணையாக ஓர் இரவு இருப்பது கெத்சமனியில் ஆண்டவரோடு இருப்பதே. நற்கருணை முன் அமரும் ஒரு மணி நேரம் அதற்கான ஆற்றலைத் தரும்.

சேவல் கூவும் வேளை: விழுந்தால் எழுவோம். பேதுரு மறுதலித்தார், ஆனால் அழுதார், திரும்பி வந்தார். திருவருகைக்காலத்திலும் தவக்காலத்திலும் மட்டும் அல்லாமல், மனச்சான்று உறுத்தும்போதே ஒப்புரவு அருளடையாளத்தை நாடுவோம்.

காலை: ஒப்படைக்கப்பட்ட வேலையை நேர்மையாகச் செய்வோம். ஆசிரியர் தம் வகுப்பையும், தாய் தன் பிள்ளைகளையும், அலுவலர் தம் மேசையில் காத்திருக்கும் ஏழையின் விண்ணப்பத்தையும் கவனித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் ஆண்டவர் வந்தால், அவர்கள் எழுந்து வேறு எங்கும் ஓடத் தேவையில்லை. புதிய பூமியின் எதிர்பார்ப்பு, இந்தப் பூமியைப் பண்படுத்தும் அக்கறையைக் குறைக்காமல் தூண்டிவிட வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் கற்பித்தது இதனால்தான் (இன்றைய உலகில் திருச்சபை 39).

அன்புக்குரியவர்களே, நாம் எதிர்பார்ப்பது ஒரு நாளை அல்ல, ஓர் ஆளை. தொடக்கத் திருச்சபை அச்சத்தோடு அவரை எதிர்நோக்கவில்லை. "மாரனாத்தா" என்ற அரமேயச் சொல்லால் ஆண்டவரை வரும்படி அழைத்தது (1 கொரி 16:22). ஒவ்வொரு திருப்பலியிலும், அவர் மீண்டும் வரும்வரை அவருடைய இறப்பையும் உயிர்ப்பையும் அறிக்கையிடுகிறோம். அவர் வரும்போது என்ன செய்வார்? லூக்கா நற்செய்தி அதை வியக்கத்தக்க முறையில் கூறுகிறது. விழித்திருக்கக் கண்ட பணியாளர்களைத் தலைவர் பந்தியில் அமரச் செய்து, தாமே இடையை வரிந்து கட்டிக்கொண்டு அவர்களுக்குப் பணிவிடை செய்வார் (லூக் 12:37). வாழ்நாளெல்லாம் பிறருக்குப் பரிமாறிக் களைத்த கைகளுக்கு அன்று அவர் பரிமாறுவார். அப்படிப்பட்டவர் வருகிறார் என்றால், நாம் ஏன் அஞ்சவேண்டும்? இன்றைய வேலையை இன்றே செய்துமுடிப்போம்.

சிந்தனைக்கு:

1. இன்றிரவு ஆண்டவர் அழைத்தால், நான் பேசி ஒப்புரவாகாமல் விட்டுச்செல்லும் மனிதர் யார்?

2. உலக முடிவைப் பற்றி எனக்கு வந்த செய்தியை உண்மையா என்று பாராமல் பிறருக்கு அனுப்பி, எளியோரைக் கலங்கச் செய்திருக்கிறேனா?

3. என் வீட்டிலோ தெருவிலோ, குருவின் வருகைக்காகவும் நற்கருணைக்காகவும் காத்திருக்கும் நோயாளி ஒருவர் இருக்கிறாரா? இந்த வாரமே அவருக்காக நான் என்ன செய்வேன்?